இரும்பில் ஏறிய எழுத்து

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகளுள் ஒன்று புங்குடுதீவு. பண்ணைத் தாம்போதியைக் கடந்து வேலணைக்கும், அங்கிருந்து வாணர் தாம்போதி வழியாகப் புங்குடுதீவுக்கும் செல்லும் பாதை, தீவின் மறுகோடியிலுள்ள குறிகட்டுவான் துறையிலே முடிகின்றது. அதற்கப்பால் நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ செல்ல விரும்புவோர் கடல்வழியையே நாட வேண்டும். பனையும் கடலும் வளமாக உள்ள அத்தீவிலே நன்னீர் அரிது. ஆகவே அங்கே பிறந்தவர்களிற் பலர் பிழைப்பை நாடிப் பிற இடங்களுக்குச் சென்றனர். கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்து வாணிகம் செய்தனர். சிலர் மலாயாவுக்கும் கப்பலேறினர். ஆடவர் வெளியூரிலும் பெண்டிர் வீட்டிலுமாக வாழ்ந்த இத்தகைய ஊரிலே கடிதம் என்பது குடும்பத்தின் உயிர்நாடியாக விளங்கியதில் வியப்பில்லை.

அந்நாளிலே தீவுக்கு வந்த கடிதங்கள் இருவகைப்பட்டன. ஒன்று, கணவனோ மகனோ தன் கையால் எழுதிய தமிழ்க் கடிதம். எழுத்தறிந்த எவரும் அதனை வாசித்துச் சொல்லலாம். மற்றொன்று, கச்சேரியிலிருந்தோ நீதிமன்றத்திலிருந்தோ வரும் நீண்ட உறையிலிட்ட கடிதம். அது ஆங்கிலத்தில் இருக்கும், பொறியினால் அடிக்கப்பட்டிருக்கும். அதனைப் பெற்றவர் ஆங்கிலம் அறிந்த ஒருவரைத் தேடிச் செல்ல வேண்டும். தமது காணியைப் பற்றியும் தமது வழக்கைப் பற்றியும் தமக்கே எழுதப்பட்ட செய்தியைப் பிறர் வாயாற் கேட்டறிய வேண்டிய நிலை அது. பதில் விண்ணப்பத்தையும் வேறொருவரே எழுதுவார். உரியவர் தாம் வாசிக்க இயலாத தாளிலே கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ இடுவார்.

இதற்கு முதற்காரணம் ஆட்சியாளரின் மொழி ஆங்கிலமாக இருந்தமையே. ஆயின் வேறொரு காரணமும் உண்டு. அலுவலக மேசையின்மேல் இருந்த பொறிக்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும். கருணையுள்ள அதிகாரி ஒருவர் தமிழில் நூறு பேருக்கு அறிவித்தல் அனுப்ப விரும்பினாலும், எழுதுவினைஞர் அதனைக் கையாலேயே எழுத வேண்டும். பொறி பேசாத மொழிக்கு அலுவலகத்தில் இருக்கை கிடைப்பதில்லை. தமிழுக்கு அந்த இருக்கையைத் தேடித் தர முயன்ற ஒருவரும் இதே யாழ்ப்பாணத்து மண்ணிலேதான் பிறந்தார்.

அவர் பெயர் இராமலிங்கம் முத்தையா. 1886 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிலே பிறந்தவர். அக்காலத்து யாழ்ப்பாண இளைஞர் பலரைப் போலவே அவரும் 1907 இல் மலாயாவுக்குச் சென்றார். பின் சிங்கப்பூரையடைந்து புகையிரதப் பகுதியிற் சேர்ந்தார். அதன்பின் தனியார் வணிக நிறுவனம் ஒன்றில் தலைமை எழுதுவினைஞராக 1930 வரை பணிபுரிந்தார். அவர் பெரும் பொறியியற் கல்லூரி எதிலும் பட்டம் பெற்றவரல்லர். நாள்தோறும் ஆங்கிலத் தட்டெழுத்துப் பொறியின் ஓசையைக் கேட்டு வாழ்ந்த எழுதுவினைஞர். ஆங்கிலம் அத்துணை விரைவாகத் தாளில் ஏறும்போது தமிழ் ஏன் ஏறக்கூடாது என்ற எண்ணம் அவரை விடவில்லை.

அவர் எதிர்கொண்ட இடர்ப்பாடு எத்தகையது என்பதை உணர வேண்டுமாயின், அப்பொறி இயங்கும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும்.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரைச் சேர்ந்த கிறிஸ்தோபர் சோல்ஸ் என்பவர் தம் தோழருடன் சேர்ந்து 1868 இல் தட்டெழுத்துப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். துப்பாக்கி செய்வதிற் பெயர்பெற்ற ரெமிங்டன் நிறுவனம் 1874 இல் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் அது பல திருத்தங்களைப் பெற்று முழுவடிவம் அடைந்தது. ஒரு விசையை விரலால் அழுத்தினால், அதனோடு இணைந்த நெம்பு ஓர் இரும்புக் கோலை எழுப்புகின்றது. அக்கோலின் நுனியிலே எழுத்து இடவலம் மாறிய உருவிற் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கும். கோல் பாய்ந்து சென்று மைநாடாவை அடிக்க, நாடாவின் பின்னுள்ள தாளில் எழுத்துப் பதிகின்றது. அதே கணத்தில், கோலின் அடிப்பகுதி ஒரு பொதுச் சட்டத்தைத் தள்ளுகின்றது. அச்சட்டம் அசைந்தவுடன், தாளைத் தாங்கிய வண்டி சுருள்வில்லின் இழுப்பினால் ஓர் எழுத்தளவு நகர்ந்து நின்றுவிடுகின்றது. அடுத்த எழுத்துக்கு இடம் ஆயத்தமாகின்றது.

கோல்கள் யாவும் அரைவட்டமாக வளைந்த ஓர் இரும்புத் துண்டின் பிளவுகளில் நிற்கின்றன. எந்தக் கோல் எழுந்தாலும் அது ஒரே புள்ளியிலேயே அடித்தல் வேண்டும். ஆதலால் அப்பிளவுகளின் எண்ணிக்கையைத் தாம் விரும்பியவாறெல்லாம் பெருக்குதல் இயலாது. ஒவ்வொரு கோலிலும் இரண்டு உருவங்கள் இருக்கும். 42 விசைகள் உள்ள பொறியில் 84 உருவங்களும், 46 விசைகள் உள்ள பொறியில் 92 உருவங்களும் இடம்பெறலாம். ஆங்கிலத்துக்கு 26 எழுத்துகள். பெரியனவும் சிறியனவுமாக 52. எண்களும் நிறுத்தற் குறிகளும் சேர்ந்தாலும் இடம் தாராளமாகப் போதும்.

தமிழுக்கோ எழுத்துகள் 247. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று. அவற்றோடு ஜ, ஷ, ஸ, ஹ முதலிய கிரந்த எழுத்துகளும் அலுவலகத்துக்கு வேண்டும். இருநூற்று நாற்பத்தேழு உருவங்களைச் சுமக்க ஏறத்தாழ 124 விசைகள் தேவை. அப்படியொரு பொறியைச் செய்யவும் இயலாது; செய்தாலும் பத்து விரல்களால் அதனை ஆளவும் இயலாது.

இங்கேதான் முத்தையாவின் பணி தொடங்குகின்றது. இரும்பைத் தொடுமுன் எழுத்தைத் தொட வேண்டியிருந்தது. பள்ளிச் சிறுவன் மனனம் செய்யும் நெடுங்கணக்கை ஒதுக்கிவைத்து, தமிழெழுத்து எவ்வெவ்வுறுப்புகளால் ஆனது என்று கண்ணால் அறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அவ்வாறு பார்க்கும்போது பல எழுத்துகள் தாமே வழிவிடுகின்றன. கா என்பது ககரமும் அரவும். கெ என்பது கொம்பும் ககரமும். கோ என்பது இரட்டைக் கொம்பு, ககரம், அரவு என்னும் மூன்று. இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அடித்தாற் போதும். ஆகவே ஓர் அரவும் மூன்று கொம்புகளும் செதுக்கிவிட்டால் நூற்றுக்கு மேற்பட்ட உயிர்மெய்கள் அகப்பட்டுவிடுகின்றன.

உகர வரிசையோ அத்துணை எளிதில் இணங்குவதில்லை. ஙு, சு, பு, யு, வு ஆகிய ஐந்திலும் கீழ்நோக்கி ஒரு கோடு இறங்குகின்றது. ஞு, ணு, து, நு, லு, று, னு ஆகிய ஏழிலும் வலப்புறமாக ஒரு வால் வளைகின்றது. கு, டு, மு, ரு, ழு, ளு ஆகிய ஆறிலும் எழுத்தின் உருவே மாறிவிடுகின்றது. ஐந்தும் ஏழும் ஆறும் பதினெட்டு. முதலிரு கூட்டத்தையும் பொதுவான உறுப்புகளால் ஆக்கிக் கொள்ளலாம். இறுதி ஆறுக்கும் தனியுருவம் செதுக்கியே தீரல் வேண்டும். ஊகார வரிசையிலும் இத்தொல்லை மீண்டும் எழுகின்றது. அக்கால எழுத்து முறையில் ணா, றா, னா ஆகியவற்றுக்கும் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கும் தனி வடிவங்கள் வேறு இருந்தன.

இவற்றினும் நுண்ணிய சிக்கல் புள்ளியும் விசிறியுமாகும். அவை எழுத்தின் அருகில் நிற்பனவல்ல; தலைமேல் ஏறுவன. புள்ளியை அடித்தவுடன் வண்டி நகர்ந்துவிட்டால் அது எழுத்துக்கு அப்பாற் போய் நிற்கும். பதினெட்டு மெய்க்கும் பதினெட்டு இகரத்துக்கும் பதினெட்டு ஈகாரத்துக்கும் தனியுருவம் செதுக்கப் புகுந்தாலோ, 54 இடங்கள் அவற்றுக்கே போய்விடும்.

இதற்குத் தீர்வாக அமைந்தது நகரா விசை. பிரெஞ்சு முதலிய மொழிகளிலே எழுத்தின் தலைமேல் இடும் குறிகளுக்காக இவ்வுத்தி ஐரோப்பியப் பொறிகளில் முன்னமே வழக்கிலிருந்தது. அதன் இயல்பு மிக எளிது. கோலின் அடிப்பகுதியிலே பொதுச் சட்டத்தைத் தள்ளும் பகுதியைச் சிறிதளவு அரிந்து குறைத்துவிட்டால், அக்கோல் தாளில் அடிக்கும். ஆனால் வண்டியை நகர்த்தாது. அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில் வந்து பதியும். ஒரு சிறு துண்டு இரும்பை அரிந்தெடுத்தமையால் ஐம்பத்துநான்கு எழுத்துகள் பொறிக்குள் அடங்கின.

ஆனால் இதற்கும் ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. கல்வி என்னும் சொல்லைப் பள்ளிப் பிள்ளை எழுதும்போது லகரத்தை எழுதிய பின்னரே புள்ளி வைக்கும். தட்டெழுத்தாளரோ முதலிற் ககரத்தை அடிப்பார். அடுத்துப் புள்ளியை அடிப்பார். அதன்கீழ் லகரத்தை அடிப்பார். பின் விசிறியை அடித்து அதன்கீழ் வகரத்தை அடிப்பார். குறி முன்னும் எழுத்துப் பின்னும் வரும். இளமையில் விரல் பழகிய ஒழுங்கை மறந்து, பொறியின் ஒழுங்கைப் புதிதாகக் கற்க வேண்டும்.

வேறொரு விலையும் உண்டு. வண்டி ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அளவே நகரும். ஆங்கிலப் பொறியிலே பொதுவாக ஓர் அங்குலத்துக்குப் பத்து எழுத்துகள். அதாவது ஓரெழுத்துக்கு 2.54 மில்லிமீற்றர். மெலிந்த ரகரத்துக்கும் பருத்த ணகரத்துக்கும் ஒரே இடத்தை வகுத்தால் ஒன்று வெறுமையில் நிற்கும். மற்றொன்று நெருக்குண்டு நிற்கும். ஏட்டிலும் அச்சிலும் தமிழைக் கண்டு பழகிய கண்ணுக்குத் தட்டெழுத்துத் தமிழ் தொடக்கத்தில் அழகற்றதாகவே தோன்றியிருத்தல் கூடும். ஆயினும் காணி வழக்கில் தம் பெயரைத் தாமே வாசிக்க விழைபவருக்கு அழகு இரண்டாவது தேவை.

உருவம் வகுத்தாயிற்று. அதனை இரும்பில் ஆக்குவது யார்? சிங்கப்பூரிலோ யாழ்ப்பாணத்திலோ அக்காலத்தில் அதற்கேற்ற தொழிற்சாலை இல்லை. முத்தையாவின் திட்டத்தைப் பொறியாக்கியது ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரத்திலிருந்த சைடல் நௌமன் தொழிற்சாலை. 1868 இல் நிறுவப்பட்ட அத்தொழிற்சாலை தையற் பொறிகளாலும் மிதிவண்டிகளாலும் பெயர்பெற்றது. ஐடியல், எரிக்கா என்னும் தட்டெழுத்துப் பொறிகளையும் ஆக்கி உலகெங்கும் அனுப்பியது.

ஓர் எழுத்தை உருக்கில் ஆக்குவது பொறுமைக்குரிய வேலை. முதலில் எழுத்தின் உருவத்தைக் கடினமான உருக்கிலே வெட்டி அச்சு ஒன்று செய்வர். அவ்வச்சிலே மென்மையான உருக்குத் துண்டினை வைத்துப் பேரழுத்தத்தில் அமுக்கினால் எழுத்துப் புடைத்தெழும். பின் அதனை வன்மைப்படுத்திக் கோலின் நுனியிற் பற்றவைப்பர். ஒவ்வொரு கோலையும் அடித்துப் பார்த்து, மயிரிழை விலகினும் குறடாற் சிறிது வளைத்து நேர் செய்வர். ஆங்கில எழுத்தாயின் பிழையைத் தொழிலாளியின் கண்ணே கண்டுகொள்ளும். தமிழறியாத தொழிலாளிக்கு ரகரத்துக்கும் அரவுக்கும் வேறுபாடு எவ்வாறு புலப்படும்? ஒகரத்தின் சுழி எத்துணை வளைய வேண்டும் என்பதை அவர் எங்ஙனம் அறிவார்? வரைந்தனுப்பிய படத்தை நம்பியே அவர் வெட்ட வேண்டும். படத்திலே பிழையிருந்தால் பிழையும் உருக்கிலே நிலைத்துவிடும். ஆகவே வடிவமைத்தவரின் கண்ணும் பேனாவும் எத்துணை நுட்பமாக உழைத்திருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அவ்வாறு உருவான தமிழ்ப் பொறி இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே பயனுக்கு வந்தது. ஆயின் 1939 இல் போர் மூண்டதும் பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட நாடுகளுக்கும் ஜேர்மனிக்கும் இடையிலான வாணிகம் அறுந்தது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியர் கைப்பட்டது. 1945 பெப்ரவரியில் டிரெஸ்டன் நகரம் குண்டுவீச்சினால் தீக்கிரையாயிற்று. எழுத்தை வகுத்த நகரும் எழுத்தை வார்த்த நகரும் மூன்றாண்டு இடைவெளியில் இவ்வாறு துயருற்றன. தனக்கென ஓர் ஆக்கச்சாலை இல்லாத மொழி, தொலைதூரத்துப் போர்களாலும் ஊமையாகக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எனினும் வகுக்கப்பட்ட முறை அழியவில்லை. போருக்குப் பின் தமிழ்ப் பொறிகள் மீண்டும் வந்தன. பிற நிறுவனங்களும் அவற்றை ஆக்கின. சென்னை மாநிலத்தில் 1956 இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறியபோது, அதனைச் செயற்படுத்தும் கருவி கையெட்டும் தொலைவில் இருந்தது. இலங்கையிலோ அதே 1956 இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாயிற்று. 1958 இல் தமிழ்மொழிச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் வந்தது. 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் ஓர் ஆட்சிமொழியாகும் என்று உரைத்தது. சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. அலுவலகத்திலே தமிழ் விசைகளும் அவற்றை அறிந்த விரல்களும் இருந்தாலன்றித் தீவிலுள்ள மூதாட்டிக்குத் தமிழ்க் கடிதம் வந்து சேராது.

இடைக்காலத்தில் எழுத்தும் பொறிக்காகச் சிறிது வளைந்து கொடுத்தது. பெரியார் ஈ. வெ. ராமசாமி தம் குடியரசு இதழில் 1935 இல் கையாளத் தொடங்கிய சீர்திருத்தத்தைத் தழுவி, 1978 இல் தமிழ்நாட்டரசு 13 எழுத்துகளின் வடிவை மாற்றி ஆணையிட்டது. ணா, றா, னா முதலியவை அரவு பெற்றன. ணை, லை, ளை, னை ஆகியவை மற்றையெழுத்துகளைப் போன்றே கொம்பு பெற்றன. ஏழு தனியுருவங்களின் இடங்கள் விசைப்பலகையில் விடுபட்டன. பழைய வடிவங்களின்பாற் பற்றுக் கொண்டோர் வருந்தினர், தட்டெழுத்தாளர் மகிழ்ந்தனர்.

பின்னர் கணினி வந்தது. அங்கே எழுத்தை அடிக்கும் கோல் இல்லை. விசை ஒரு குறிப்பை மட்டுமே அனுப்புகின்றது. உருவத்தைக் கணினியே ஆக்கிக் கொள்கின்றது. ஆகவே, எத்தனை உருவம் வேண்டும் என்ற பழைய கேள்வி மறைந்து, எத்தனை எழுத்து உண்டு என்ற இலக்கணக் கேள்வி மீண்டும் எழுந்தது. உயிரும் மெய்யுமாகிய முப்பதே முதலெழுத்துகள் என்று நம் இலக்கண நூலார் பன்னெடுங்காலத்துக்கு முன்னரே வகுத்துள்ளனர். 1999 பெப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு ஏற்றுக்கொண்ட தமிழ் 99 என்னும் விசைப்பலகை இவ்வடிப்படையிலேயே அமைந்தது. உயிருக்கு 12, மெய்க்கு 18, ஆய்தத்துக்கு 1 என 31 விசைகள். மெய்யின் பின்னே அழுத்தினால் ஆய்த விசையே புள்ளியாகும். உயிர்கள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் உரியன. ககரத்தை அடித்து இகரத்தை அடித்தால் கி பிறக்கின்றது. இலங்கையிலோ ரெங்கநாதன் விசைப்பலகை என்னும் முறை வழக்கூன்றி, 2008 இல் இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் தமிழ் நியமத்தில் இடம்பெற்றது.

அங்ஙனமாயின் முத்தையாவின் உழைப்பு பழங்கதையாய் முடிந்ததோ? அன்று. அவர் காலத்துப் பொறிக்குக் கணிக்கும் ஆற்றல் இல்லை. கண்ணாற் காணும் உருவத்தை மட்டுமே அது பதிக்கும். ஆகவே எழுத்தைக் கண்ணாற் பகுத்தார். இன்றைய பொறி ஒலியின்வழிப் பகுக்கின்றது. வழி வேறு, கேள்வி ஒன்றே. மொழியின் இயல்பை முற்றாக அறிந்து, அதற்கேற்பப் பொறியைத் திருத்துவது எங்ஙனம் என்பதே அக்கேள்வி.

அது இன்றைய இளைஞர் முன்னும் நிற்கின்றது. கடையிற் கிடைக்கும் விசைப்பலகையில் நிறைவு காணாது, தமக்கேற்ற பலகையைத் தாமே வரைந்து ஆக்கிக் கொள்ளும் ஆர்வம் உலகின் பல நாடுகளிற் பரவியுள்ளது. அலுமினியக் கட்டியைக் கணினியால் இயங்கும் வெட்டுப் பொறியிலிட்டுக் குடைந்து உடல் செய்கின்றனர். ஒன்றரை மில்லிமீற்றர் தடித்த தகட்டிலே 14 மில்லிமீற்றர் சதுரத் துளைகள் இடுகின்றனர். ஒரு துளையின் நடுவிலிருந்து அடுத்த துளையின் நடுவுக்கு 19.05 மில்லிமீற்றர், அதாவது முக்கால் அங்குலம். துளை சிறிது பெருத்தால் விசை ஆடும், சிறுத்தால் உட்புகாது. இவ்வளவும் கைக்கு ஏற்ற அளவுகள். மொழிக்கு ஏற்ற ஒழுங்கை இவ்வளவுகளில் எதுவும் தருவதில்லை. அதனை ஆக்குவோரே சிந்தித்து வகுத்தல் வேண்டும்.

தீவுப்பகுதியைச் சேர்ந்த மாணவர் ஒருவர் அத்தகைய பலகையொன்றை வரைய அமர்ந்தால், டிரெஸ்டனுக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை. வரைபடம் நொடிப்பொழுதிற் கடல்கடக்கும். ஆனால் அவருக்கு முன்னும் அதே தமிழெழுத்துகளே நிற்கும். எந்த விரலுக்கு எந்த எழுத்து, எது அடிக்கடி வருவது, எது அரிதாக வருவது, ஆங்கில விசைக்குப் பின்னால் தமிழ் ஒளிந்து நிற்பதா, தனக்கென முன்னே நிற்பதா என்பவற்றை அவரே முடிவு செய்ய வேண்டும். அவர் செவ்வனே முடிவு செய்தால், குறிகட்டுவானில் வள்ளத்துக்குக் காத்திருக்கும் முதியவர் தம் கையிலுள்ள அரசாங்கக் கடிதத்தைத் தாமே பிரித்துத் தாமே வாசிப்பார். பதிலையும் தம் சொற்களாலேயே கூறுவார். சிங்கப்பூர் அலுவலகமொன்றில் இருந்த சுண்டிக்குளி எழுதுவினைஞர் தொடங்கிய வேலையில் அத்துணையும் இன்னும் மீந்துள்ளது.